இரண்டு பள்ளிகள், ஒரே கணக்கு: கார்பன் தடத்தைக் கூட்டாகக் குறைப்பது எப்படி?

ஒரு பள்ளி தன் கார்பன் தடத்தைக் கணக்கிட்டு முடித்ததும் கையில் ஓர் எண் மிஞ்சும். ஆண்டுக்கு 95 டன் என்று வைத்துக்கொள்வோம். அது அதிகமா, குறைவா? எங்கே கை வைத்தால் குறையும்? அந்த எண்ணை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பதில் கிடைக்காது. இன்னொரு பள்ளி அதே முறையில் போட்ட கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சாரத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம், பேருந்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேள்விகள் தாமாக எழும். இப்படி நம்மோடு சேர்ந்து கணக்குப் போடும் இன்னொரு பள்ளிதான் கூட்டுப் பள்ளி; அதன் முதன்மையான பயன் இதுதான். கூட்டு விழா, பதாகை, உறுதிமொழி எல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கார்பன் தடம் என்பது ஒரு பள்ளி ஓராண்டு இயங்குவதால் காற்றில் சேரும் வெப்ப வாயுக்களின் மொத்த எடை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் அல்ல, குப்பையிலிருந்து வரும் மீத்தேன், ஏசியிலிருந்து கசியும் வாயு ஆகியவையும் இதில் அடங்கும். ஒவ்வொரு வாயுவுக்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் திறன் வேறு. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதனால் எல்லாவற்றையும் 'கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான கிலோ' என்ற ஒரே அலகுக்கு மாற்றிக் கூட்டுகிறார்கள்.

கணக்கின் அடிப்படை ஒரே ஒரு பெருக்கல்தான். எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதை அதற்குரிய காரணியால், அதாவது ஒரு யூனிட்டுக்கோ ஒரு லிட்டருக்கோ எத்தனை கிலோ வாயு சேரும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் இந்தக் காரணிகளை வைத்துத் தொடங்கலாம். மின்வாரிய மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ, இந்திய மின்தொகுப்புக்கான இந்தக் காரணியை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது, அண்மை ஆண்டுகளில் அது 0.72-ஐ ஒட்டியே நிற்கிறது. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ; அதாவது 14.2 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 43 கிலோ, 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 57 கிலோ. அரசுப் பேருந்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் பயணிக்கச் சுமார் 0.015 கிலோ.

ஒரு லிட்டர் டீசலின் எடை முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும்; அதிலிருந்து எப்படி 2.68 கிலோ வாயு வரும் என்று மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள். டீசலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. வேதியியல் வகுப்பில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், அடுத்து வரும் எண்களை எல்லாம் அவர்கள் நம்பிக் கையாள்வார்கள்.

எல்லை என்ற சிக்கல்

கணக்குப் போடுவது கடினமே இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் கூட்டுக் கணக்குகள் பெரும்பாலும் உடைகின்றன. 2001-ல் வெளியான பசுமை இல்ல வாயு நெறிமுறை (வெப்ப வாயுக் கணக்குக்கான உலக அளவிலான வழிகாட்டி) இதை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. பள்ளி வளாகத்திலும் பள்ளியின் சொந்த வாகனங்களிலும் நேரடியாக எரிவதும் கசிவதும் முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மாணவர்கள் வந்து போவது, வாங்கும் பொருள்கள், வெளியே போகும் குப்பை போன்ற மற்றவை மூன்றாவது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டும் கற்பனைப் பள்ளிகள். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

'அ' என்பது ஊரை ஒட்டிய தனியார் பள்ளி. 1,200 மாணவர்கள். ஆண்டுக்கு 48,000 யூனிட் மின்சாரம்: 34.6 டன். எட்டுப் பேருந்துகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 60 கி.மீ., 210 வேலை நாள்கள், லிட்டருக்கு 5 கி.மீ. எனில் 20,160 லிட்டர் டீசல்: 54 டன். ஜெனரேட்டருக்கு 500 லிட்டர்: 1.3 டன். உணவகத்துக்கு 20 வணிக சிலிண்டர்: 1.1 டன். ஏசிகளில் கசிந்ததால் மீண்டும் நிரப்பிய ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு 2 கிலோ, கிலோவுக்குச் சுமார் 2,100 கிலோ வீதம்: 4.2 டன். மொத்தம் சுமார் 95 டன், மாணவருக்கு 79 கிலோ.

'ஆ' என்பது 450 மாணவர்கள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. 7,200 யூனிட்: 5.2 டன். சத்துணவுக்கு 14.2 கிலோ சிலிண்டர் 40: 1.7 டன். இதோடு நிறுத்தினால் மாணவருக்கு 15 கிலோ. ஆனால் 18 ஆசிரியர்கள் நாளுக்கு 24 கி.மீ. இருசக்கர வாகனத்தில் வந்து போகிறார்கள். லிட்டருக்கு 45 கி.மீ. என்றால் 2,016 லிட்டர் பெட்ரோல், 4.6 டன். 60 மாணவர்கள் டவுன் பஸ்ஸில் நாளுக்கு 12 கி.மீ. வருகிறார்கள்: 2.3 டன். மற்றவர்களுக்கு நடையும் சைக்கிளும். இவற்றையும் சேர்த்தால் மாணவருக்கு 31 கிலோ.

இப்போது 'அ' பள்ளி, "பேருந்துகளை ஒப்பந்தக்காரர் ஓட்டுகிறார், அது எங்கள் கணக்கில் வராது" என்று சொன்னால் அதன் எண் 79-லிருந்து 34-க்கு இறங்கிவிடும். ஒரு சொட்டு டீசல்கூடக் குறையவில்லை. 'ஆ' பள்ளி போக்குவரத்தைச் சேர்த்து 31 என்று எழுத, 'அ' பள்ளி சேர்க்காமல் 34 என்று எழுதினால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்ற பொய்யான முடிவு வரும். ஆகவே முதல் கூட்டத்திலேயே எல்லையை ஒரு தாளில் எழுதி, இரு தலைமையாசிரியர்களும் கையெழுத்திட வேண்டும். எங்கள் பரிந்துரை: முதல் ஆண்டில் மின்சாரம், எரிபொருள், சமையல் எரிவாயு, ஏசி வாயு, வந்துபோகும் பயணம் ஆகிய ஐந்தும் போதும். பேருந்து யாருடையதாக இருந்தாலும் சேர்க்க வேண்டும். கணக்கு ஆண்டு ஜூன் முதல் மே வரை என்று வைத்துக்கொண்டால் கல்வியாண்டோடு பொருந்தும்.

மொத்தத்தை ஒப்பிடக் கூடாது, மாணவருக்கு எத்தனை கிலோ என்பதையே ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 'ஆ' பள்ளியின் எண் குறைவாக இருப்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமாக இருக்காது. வகுப்பறைக்கு ஒரே மின்விசிறி, பூட்டிக் கிடக்கும் கணினி அறை, விளக்கில்லாத ஆய்வகம் ஆகியவையும் எண்ணைக் குறைக்கும். பிள்ளைகள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சாதனைப் பட்டியலில் எழுதக் கூடாது. அந்தப் பள்ளிக்கு மின்விசிறி கூடுதலாகத் தேவைப்பட்டால் அதன் மின்சாரம் கூடுவதே நியாயம். தொடக்கத்திலேயே குறைந்த வாட் மின்விசிறியாக வாங்குவதுதான் அங்கே செய்ய வேண்டியது. இதை இரு பள்ளிகளும் ஏற்றுக்கொண்டால் கூட்டு போட்டியாக மாறாது.

முதல் சோதனை: பூட்டிய பள்ளி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது?

ஒரு ரூபாய் செலவில்லாமல் அதிகம் சொல்லித் தரும் சோதனை இது. இரு பள்ளிகளும் ஒரே வாரத்தில் செய்யட்டும். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மின் மீட்டர் அளவைக் குறியுங்கள். திங்கள் காலை 8 மணிக்கு மீண்டும் குறியுங்கள். இடையில் 63 மணி நேரம். சனிக்கிழமை வகுப்பு இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வித்தியாசத்தை 63-ஆல் வகுத்தால், யாருமே இல்லாதபோது ஓடும் சுமை கிலோவாட்டில் வரும்.

'அ' பள்ளியில் 126 யூனிட் ஓடியிருந்தால் சுமை 2 கிலோவாட். ஓராண்டின் 8,760 மணியில் பள்ளி இயங்குவது நாளுக்கு 9 மணி வீதம் 1,890 மணிதான். மீதி 6,870 மணியும் இந்த 2 கிலோவாட் ஓடினால் 13,740 யூனிட், ஏறக்குறைய 9.9 டன். அந்தப் பள்ளியின் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் யாருக்கும் பயன்படாமல் போகிறது. 'ஆ' பள்ளியில் அதே நேரத்தில் 6 யூனிட் மட்டுமே ஓடியிருக்கலாம். காரணம் பெரும்பாலும் எளியது: அங்கே கடைசியாகப் போகிறவர் மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்.

மின்சாரம் எங்கே வீணாகிறது என்று தேட, பிறகொரு மாலையில் ஒவ்வொரு கட்டடத்தின் மெயினையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்து, மீட்டர் விளக்கின் துடிப்பு எங்கே மெதுவாகிறது என்று பார்க்க வேண்டும். இதை மின்பணியாளர்தான் செய்ய வேண்டும், மாணவர்கள் தள்ளி நின்று குறிப்பெடுக்கட்டும். வழக்கமாக அகப்படுபவை குடிநீர்க் குளிர்விப்பான், உணவகத்தின் காலிக் குளிர்பெட்டி, பழைய பேட்டரியை ஓயாமல் சார்ஜ் செய்யும் யூபிஎஸ், அணைக்காத கணினித் திரைகள், தானியங்கியில் விட்ட தண்ணீர் மோட்டார். கடைசியாகச் சொன்னதில் கூடுதல் கவனம் தேவை. விடுமுறையில் மோட்டார் ஓடினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று பொருள்.

எதையெல்லாம் அணைக்கக் கூடாது என்ற பட்டியலும் வேண்டும். கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டி, ஆய்வகத்தில் குளிரில் வைக்க வேண்டிய பொருள் இருந்தால் அந்தக் குளிர்பெட்டி, வாசல் விளக்கு. இவற்றைத் தனி இணைப்பில் மாற்றிவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச் போதும். இப்படிப் பிரிக்காமல் "எல்லாவற்றையும் அணையுங்கள்" என்று உத்தரவு போட்டால், முதல் முறை கேமராப் பதிவு நின்றதும் உத்தரவே காற்றில் போய்விடும்.

விளக்கும் மின்விசிறியும்

பழைய 40 வாட் குழல்விளக்கு, செப்புச் சோக்கையும் சேர்த்தால் 52 வாட் வரை இழுக்கும். எல்ஈடி குழல் 20 வாட். நாளுக்கு 6 மணி, 210 நாள் என்றால் விளக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 40 யூனிட் மிச்சம், 29 கிலோ குறைவு. சில நூறு ரூபாய் விலை ஓராண்டை ஒட்டித் திரும்பிவிடும், ஆகவே தயங்காமல் மாற்றலாம். மாற்றும்போது பழைய பட்டியிலிருந்து சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, வயரை விளக்கின் உறையில் உள்ள படப்படி இணைக்க வேண்டும். சோக்கை விட்டுவைத்தால் அது தொடர்ந்து சூடாகி மின்சாரத்தைத் தின்னும், விளக்கும் சீக்கிரம் போகும்.

மின்விசிறிக் கணக்கு வேறு. 75 வாட் விசிறியை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி விசிறி (பிரஷ் இல்லாத மோட்டாரில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) மாட்டினால், வகுப்பறையில் ஆண்டுக்கு 57 யூனிட், 41 கிலோ மிச்சம். ஆனால் விசிறி ஒன்றின் விலை மூவாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும்போது போட்ட பணம் திரும்ப ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். நன்றாக ஓடும் விசிறிகளை மொத்தமாகக் கழற்றி எறிவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதிக நேரம் ஓடும் இடத்தில் தொடங்குங்கள்: விடுதி, அலுவலகம், ஆசிரியர் அறை. விடுதியில் நாளுக்கு 15 மணி, 300 நாள் ஓடும் விசிறியில் அதே மாற்றம் 200 யூனிட்டுக்கு மேல் மிச்சப்படுத்தும். வகுப்பறைகளில் பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். பிஎல்டிசி விசிறியைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இயக்கக் கூடாது, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும். ரிமோட் தொலைவது பள்ளிகளில் உறுதி என்பதால், சுவரிலேயே கட்டுப்பாடு உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பேருந்து

பேருந்து உள்ள பள்ளியில் மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான். 'அ' பள்ளியின் தடத்தில் பாதிக்கு மேல் டீசல் என்பதைப் பார்த்தோம். பணம் செலவில்லாத இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நிறுத்திய வண்டியில் இன்ஜினை அணைப்பது. எட்டுப் பேருந்துகள் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் வாசலில் உறுமிக்கொண்டு நின்றால் ஆண்டுக்கு 560 மணி நேரம். மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் 840 லிட்டர், 2.25 டன். புகை நேராகப் பிள்ளைகளின் மூக்குக்குப் போவது அதைவிடப் பெரிய கேடு. ஓட்டுநர்கள் இன்ஜினை அணைக்கத் தயங்குவது பெரும்பாலும் பேட்டரி பலவீனமாக இருப்பதால்தான். மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயம். பேட்டரியைச் சரிசெய்யாமல் அறிவுரை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, காலி ஓட்டம். காலையில் பள்ளியிலிருந்து காலியாகக் கிளம்பி, கடைசி ஊருக்குப் போய், அங்கிருந்து பிள்ளைகளை ஏற்றிவருவது. மாலையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவது. ஓட்டுநர் அந்தப் பக்கத்து ஊர்க்காரராக இருந்து, இரவில் வண்டியை அங்கேயே பாதுகாப்பாக நிறுத்த இடமும் இருந்தால் இந்த ஓட்டம் மறைந்துவிடும். மூன்று பேருந்துகளில் நாளுக்கு 20 கி.மீ. வீதம் குறைத்தாலே ஆண்டுக்கு 2,520 லிட்டர், 6.75 டன். இங்கே கூட்டுப் பள்ளி கைகொடுக்கும். இரு பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் சேர்ந்து நிறுத்தங்களை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு வழித்தடத்திலும் எத்தனை பேர், எத்தனை இருக்கை, எத்தனை காலிக் கிலோமீட்டர் என்று அட்டவணை போடலாம். வெளியாள் பார்க்கும்போது, பழக்கத்தால் ஓடிக்கொண்டிருக்கும் வழித்தடம் பளிச்சென்று தெரியும். இரு பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே பேருந்தில் ஏற்றலாமே என்ற யோசனை கட்டாயம் வரும். பெர்மிட்டும் காப்பீடும் அதற்கு இடம் தருகின்றனவா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் உறுதிசெய்யாமல் அதைத் தொடவே வேண்டாம்.

கணக்குக்கான எண் டீசல் ரசீதிலிருந்து வர வேண்டும், கிலோமீட்டரிலிருந்து அல்ல. லாக் புக்கில் உள்ள கிலோமீட்டரை ரசீது லிட்டரால் வகுத்தால் ஒவ்வொரு வண்டியின் மைலேஜும் கிடைக்கும். ஒரே அளவுள்ள வண்டிகளில் ஒன்று மட்டும் 4 கி.மீ.க்குக் கீழே காட்டினால் டயர் காற்று, காற்று வடிகட்டி, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

கண்ணில் படாத ஏசி வாயு

பள்ளிகள் மறந்துவிடுவது இதைத்தான். ஆர்-22 ஒரு கிலோ கசிந்தால் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-410ஏ சுமார் 2,100. ஆர்-32 சுமார் 700. ஏசி என்பது மூடிய சுற்று, சரியாக இருந்தால் வாயு குறையவே கூடாது. ஆண்டுதோறும் 'கேஸ் நிரப்பினோம்' என்று பில் வந்தால் கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன வாயு, எத்தனை கிலோ, கசிவு எங்கே அடைக்கப்பட்டது என்ற மூன்றும் பில்லில் எழுதப்படாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சமையலறையும் சருகும்

சமையலறையில் பருப்பை ஊறவைப்பது, மூடி போட்டு வேகவைப்பது, அடுப்பின் அடைத்த துளைகளைச் சுத்தம் செய்வது இவ்வளவுதான். சுடர் மஞ்சளாக எரிந்தால் எரிவாயு வீணாகிறது என்று பொருள். மிஞ்சும் சோற்றை ஒரு வாரம் எடைபோட்டுப் பாருங்கள். எந்த நாள், எந்த உணவு மிஞ்சுகிறது என்று தெரிந்தால் அடுத்த வாரமே அளவைக் குறைக்கலாம்.

உரக்குழிக்கு, ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று கூடை காய்ந்த சருகு. வாரம் ஒருமுறை கிளற வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை. சருகு சேர்த்துக் கிளறுங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மேலே தகரக் கூரை இல்லாவிட்டால் குழி குளமாகி மீத்தேன்தான் வரும். சருகுக்கு உரக்குழியில் வேலை வந்துவிட்டால், வளாகத்தின் மூலையில் அதைக் கூட்டி எரிக்கும் பழக்கமும் நின்றுவிடும்.

காகிதத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு ரீம் ஏ4 தாளின் எடை இரண்டரை கிலோ. ஆண்டுக்கு நூறு ரீம் மிச்சப்படுத்தினாலும் கால் டன்னை ஒட்டியே குறையும். செய்யுங்கள், ஆனால் அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். மரக்கன்றுகளும் அப்படியே. நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 'அ' பள்ளியின் 95 டன்னுக்கு 4,750 வளர்ந்த மரங்கள் வேண்டும். வேம்பும் புங்கமும் மேற்குச் சுவருக்கு நிழல் தந்து வகுப்பறையைக் குளிர்விக்கும். அதற்காகவே நட வேண்டும், கணக்கை நேர்செய்வதற்காக அல்ல.

சூரிய மின்தகடு கடைசியாக வரட்டும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், கூரையில் சுமார் நூறு சதுர அடி கேட்கும். 10 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 14,000 யூனிட்டுக்குமேல், அதாவது 10 டன்னை ஒட்டிக் குறைக்கும். வீணாகும் மின்சாரத்தை முதலில் நிறுத்திவிட்டால் தேவைப்படும் அமைப்பே சிறிதாகும். மே மாதம் வெயில் உச்சத்தில் பள்ளி பூட்டியிருக்கும். உபரியை வாரியத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லையென்றால் அந்த மாத உற்பத்தி வீண். பேட்டரி இல்லாத, மின்தொகுப்போடு இணைந்த அமைப்பு மின்தடையின்போது பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரு பள்ளிகளும் சேர்ந்து உழைக்கும் முறை

ஒவ்வொரு பள்ளியிலும் எட்டுப் பேர் கொண்ட மாணவர் குழு போதும். சுற்றுச்சூழல் மன்றமோ தேசிய பசுமைப் படையோ இருந்தால் அதிலிருந்தே எடுக்கலாம். 8, 9, 11-ஆம் வகுப்புகளிலிருந்து எடுங்கள். 10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பருக்குப் பிறகு கிடைக்க மாட்டார்கள். பொறுப்பாசிரியர்கள் இருவர் வேண்டும். பணிமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் வேறு ஊருக்குப் போனாலும் பதிவேடு பாதியில் நிற்காது.

மாதத்தின் முதல் வேலை நாளில் மீட்டர் அளவு, டீசல் ரசீது, சிலிண்டர் எண்ணிக்கை மூன்றையும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். மின் கட்டண அட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நிரம்பும் பள்ளிகளில் நாமே குறித்தால்தான் மாதக் கணக்கு கிடைக்கும். சிலிண்டரை வாங்கிய நாளில் எழுதாமல் மாட்டிய நாளில் எழுதுங்கள். பருவத்துக்கு ஒருமுறை 'அ' பள்ளிக் குழு 'ஆ' பள்ளியின் ரசீதுகளைச் சரிபார்க்கட்டும், 'ஆ' குழு 'அ' பள்ளிக்கு வரட்டும். தன் பள்ளிக் கணக்கில் கண் தவறவிட்டது, அடுத்தவர் கணக்கைத் திருத்தும்போது அகப்படும்.

கூட்டுப் பள்ளி வெளிநாட்டில் இருந்தால் ஒப்பீடு இன்னும் சுவையானது. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் காரணி சுமார் 0.2 கிலோதான், நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அங்கே குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு எரிகிறது. அதனால் கிலோவோடு யூனிட்டையும் சேர்த்தே பரிமாறிக்கொள்ளுங்கள். நேரில் போய் வரும் ஆசையை மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். சென்னையிலிருந்து லண்டன் போய்த் திரும்ப ஒருவருக்கு ஒன்றரை டன்னை ஒட்டி ஆகும். பத்துப் பேர் போனால் 'ஆ' பள்ளியின் முழு ஆண்டுத் தடத்தையும் தாண்டிவிடும். காணொளி அழைப்பு போதும்.

இரண்டாம் ஆண்டு முடிந்து ஜூனில் ஒப்பிடும்போது நவம்பரை அக்டோபரோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டு நவம்பரோடு ஒப்பிடுங்கள். மின்காரணியை முதல் ஆண்டுக்குரியதாகவே வைத்து ஒருமுறையும், புதியதை வைத்து ஒருமுறையும் கணக்கிடுங்கள். நாட்டின் மின்தொகுப்பு தூய்மையானதால் வந்த குறைவு எவ்வளவு, பள்ளியின் உழைப்பால் வந்தது எவ்வளவு என்று பிரிந்துவிடும். மாணவர் எண்ணிக்கை மாறியிருந்தால் இரு எண்ணிக்கைகளையும் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். எண் கூடியிருந்தால் அதையும் அப்படியே அறிவிப்புப் பலகையில் போட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதி, கூட்டுப் பள்ளிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.